சவரக்கத்தி தீட்டப் பழகுவோர் முதல் கல்லில் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு அல்சூரில் நான் நடத்திவரும் சலூனுக்கு, மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ் இளைஞர்கள் மடக்குச் சவரக்கத்தியுடன் வந்து, "அண்ணா, 8000 கல்லில் தேய்த்தும் கத்தி முடியைப் பிடித்து இழுக்கிறதே" என்று கேட்கிறார்கள். கத்தியை வாங்கிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: 1000 கல்லில் முடிய வேண்டிய வேலை முடிவதற்கு முன்பே அடுத்த கல்லுக்குப் போயிருக்கிறார்கள்.

தீட்டுக்கல்லின் எண் கூடக் கூட அதன் துகள் நுண்மையாகும். 1000 கல்தான் வாயின், அதாவது வெட்டும் விளிம்பின், இருபுறச் சரிவுகளை உருவாக்குகிறது. அதற்கு மேற்பட்ட கற்கள் முந்தைய கல் விட்ட கீறல்களைக் குறைத்து மெருகேற்றுபவை. இரு சரிவுகளும் ஒரே கோட்டில் சந்திக்காத கத்தியை 12000 கல்லில் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பளபளப்பு வருமே தவிரக் கூர் வராது. சரிவின் மீது மார்க்கர் மையைப் பூசி, கல்லில் இரண்டு மூன்று முறை தேய்த்துப் பாருங்கள். வாயோரத்தில் மை மிஞ்சியிருந்தால் கல் அவ்விடத்தைத் தொடவில்லை என்று பொருள். வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் மெல்லச் சாய்க்கும்போது வெள்ளைப் புள்ளியாக ஏதேனும் மின்னினால், அந்த இடம் இன்னும் மழுங்கலாகவே இருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளிலும் தேறிய கத்தி 1000 கல்லிலேயே முன்கை முடியைத் தோலோடு ஒட்டி வழிக்கும். அதுவரை அடுத்த கல்லை எடுக்கவே வேண்டாம்.

சமையல் கத்தியின் கோணத்தைக் கைதான் காக்க வேண்டும். சவரக்கத்தியிலோ முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிவதால், முதுகின் தடிமனே கோணத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே முதுகை ஒருபோதும் தூக்கக் கூடாது. வாய் முன்னே செல்லுமாறு தள்ளி, கல்லின் முடிவில் முதுகைக் கல்லில் பதித்தபடியே கத்தியைப் புரட்டித் திரும்ப வேண்டும். இருபுறமும் குழித்துச் செதுக்கிய மெல்லிய கத்தியை அழுத்தினால் தகடு வளைந்து வாய் சீரற்றுத் தேயும் என்பதால், கத்தியின் சொந்த எடைக்கு மேல் சிறிதளவு விசையே போதும்.

கல்லும் மட்டமாக இருக்க வேண்டும். அதன் மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, தடித்த கண்ணாடி மீது விரித்த ஈர உப்புத்தாளில் தேய்த்தால், கோடு அழியாத இடமே பள்ளம்; எல்லாக் கோடுகளும் மறையும்வரை தேய்க்க வேண்டும். சமையல் மேடைக் கடப்பாக் கல் இதற்குப் போதிய மட்டமாக இராது. தெருவில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் சவரக்கத்தியைக் கொடுத்துவிடாதீர்கள். சுழலும் சக்கரத்தின் சூட்டில் மெல்லிய வாயின் எஃகு பதம் இழந்து நீலம் பாய்ந்துவிட்டால், அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லுக்குப் பின், கத்தியை இழுத்துப் பதப்படுத்தும் தோல்வார். இதில் திசை மாறுகிறது: முதுகு முன்னே செல்ல, வாய் பின்தொடர வேண்டும். வார் தொய்ந்தால் வாய் உருண்டு மழுங்கும்.

கூரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பி.ஜி. அறைகளில் நண்பர்கள் ஒரே கத்தியைப் பகிர்ந்துகொள்வது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறலே அது பரவப் போதும். கல்லில் தீட்டுவதோ, வாரில் இழுப்பதோ, டெட்டால் நனைத்த துணியால் துடைப்பதோ கத்தியைக் கிருமியற்றதாக்காது. தோல்வாரையும் முறையாகக் கிருமிநீக்கம் செய்ய இயலாது. சலூனில் நான் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு புதிய பிளேடு பொருத்தும் கத்தியையே பயன்படுத்துகிறேன். தீட்டும் கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. அண்ணன் தம்பியானாலும் வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டில் தாத்தாவின் கத்தி இருந்தால் அதில் பழக வேண்டாம். விலை குறைந்த கார்பன் எஃகுக் கத்தி ஒன்றில் கை படிந்த பின், தாத்தாவின் கத்தியில் துருவும் வாயில் உடைவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைத் தொடலாம்.