சைலீசியா: ஊர்ப் பெயரை நம்பித் துணி வாங்காதீர்கள்

கோட்டு, சூட்டு தைக்கும் ஐரோப்பியத் தையல்காரர்கள் பாக்கெட் துணியைச் 'சைலீசியா' என்பார்கள். ட்வில் நெசவில், அதாவது சாய்வான கோடுகள் தெரியும் நெசவில் வரும் மெல்லிய, வழவழப்பான பருத்தித் துணி. கோட்டுக் கைக்குள் லைனிங்காகவும் போடுவார்கள்.

நான் ஏற்றுமதி ஆடைகளுக்குத் தரம் பார்ப்பவன். ஒருமுறை ஆர்டர் தாளில் 'பாக்கெட்: சைலீசியா' என்று மட்டும் எழுதி வந்தது. துணி வாங்கும் தம்பி, "அண்ணே, இதைப் போலந்திலிருந்து வரவழைக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வரைபடத்தில் சைலீசியா என்பது ஓடர் ஆற்றை ஒட்டிய நிலப்பகுதி; பெரும்பகுதி போலந்தில், கொஞ்சம் செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் இருக்கிறது.

அந்த ஊர் 18ஆம் நூற்றாண்டில் பெயர் வாங்கியது பருத்தியால் அல்ல, ஆளி நாரில் நெய்த லினனால். அது கடல் கடந்து அமெரிக்கா வரை போனது. பிறகு வேறு இடங்களில் நெய்த பருத்தித் துணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சைலீசியாவிலும் பருத்தி நெய்தவர்கள் உண்டு. 1844 ஜூனில் கூலிக் குறைப்பு தாங்காமல் கிளர்ந்தெழுந்த அந்தக் கைத்தறி நெசவாளர்களில் 11 பேரை, அப்போது அந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசின் படை சுட்டுக் கொன்றது. பாக்கெட் துணியைத் தொடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

சரி, ஆர்டருக்கு வருவோம். 'சைலீசியாதான் சார்' என்று சொல்லித் துணிக்கடையில் ஒரு துணியைக் கொடுத்தார்கள். பருத்திதான், பளபளப்பும் இருந்தது. அவசரத்தில் சோதிக்காமல் தைத்துவிட்டோம். முதல் சலவையில் கஞ்சி கரைந்து, இழைக்கு இழை இடைவெளி தெரிந்தது. பாக்கெட் சுருங்கியதில் பேண்டின் முன்பக்கமும் இழுத்துக்கொண்டது. சாவிக்கொத்தைப் போட்டுப் பார்த்தால் மூலையில் தையலை ஒட்டியே கிழிந்தது.

பெயர் துணியின் ஊரையும் சொல்லாது, நாரையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது. தையல்கடை வைத்திருப்பவர்கள் பாக்கெட் துணியை வெட்டும் முன் ஒரு சாண் துண்டை நனைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் மாவு உதிர்கிறதா என்றும் பாருங்கள். உதிர்ந்தால் பளபளப்பு கஞ்சியுடையது.

இப்போது எங்கள் தாளில் சைலீசியா என்று வந்தால், நார், நெசவு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), சுருக்க அளவு நான்கையும் ஆர்டர் கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே துணிக்கடைக்குப் போன் போடுகிறார் அந்தத் தம்பி.