ஊற்றுக்கு அடியில் கடப்பாரை வேண்டாம்

மலைச்சரிவு ஊற்று ஒன்றில் நீர் குறைந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் போவதற்குள், ஆழப்படுத்தினால் கூடுதலாக வரும் என்று குழியை இரண்டடி தோண்டியிருந்தார்கள். மறுநாள் குழியில் ஈரம் மட்டும்தான் மிச்சம்.

வெட்டிப்போட்ட மண்ணை எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்தது சரளை கலந்த மணல், விரலிடுக்கில் உதிர்ந்தது. அடியில் வந்தது சாம்பல் நிறக் களி, உருட்டினால் நூலாக நீண்டது. அந்தக் களியைத்தான் உடைத்துவிட்டார்கள்.

மழைநீர் சரளை வழியே கீழே இறங்கும். களி வந்ததும் அதன் முதுகிலேயே சாய்ந்த பக்கமாக நகரும். அந்தக் களி சரிவில் எங்கே தலைகாட்டுகிறதோ அங்கே ஊற்று. களியில் துளைகள் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் மணலைவிட அதில்தான் வெற்றிடம் அதிகம். ஆனால் துளைகள் அவ்வளவு நுண்ணியவை, நீர் அசையாது. மணல் போன்றவற்றின் ஊடே நீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது பற்றி 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி வெளியிட்ட விதியை வைத்துக் கணக்குப் போட்டால், சரளைக்கும் களிக்கும் நீர் கடத்தும் திறனில் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். ஒரு சாண் களி போதும், ஓர் ஊற்றைத் தாங்க.

இன்னொன்று, தரை சாயும் பக்கமே களியும் சாய வேண்டும் என்பதில்லை. ஊற்றில் நீர் கூடட்டும் என்று அதற்கு நேர் மேலே குழி வெட்டி மழைநீரைச் சேமிப்பார்கள். நீர் வருவதோ முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. உழைப்பெல்லாம் வீண். பழைய ஓடைகளும் மண்சரிவுகளும் போட்டுவிட்டுப் போன படிவு வேறு, பாய் விரித்த மாதிரி சீராக இருக்காது; களி அங்கங்கே திட்டுத்திட்டாகக் கிடக்கும். முப்பது தப்படி தூரத்தில் இரண்டு ஊற்றுகள், ஒன்று கோடையில் வற்றும், மற்றது வற்றாது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எனக்கு முதலில் துப்புக் கொடுப்பது தெர்மாமீட்டர். வெயில் காலத்திலும் குளிர்காலத்திலும் ஊற்றுநீரின் வெப்பம் அதிகம் மாறவில்லையா, ஆழத்தில் நெடுநாள் கிடந்த நீர். காற்றோடு சேர்ந்து ஏறி இறங்கினால் மேலோட்டமான நீர், சீக்கிரம் வற்றும், சீக்கிரம் அழுக்காகும்.

சரி, அந்தக் குழியை என்ன செய்தோம்? களியைப் பிசைந்து ஓட்டையில் போட்டு, அடுக்கடுக்காக மிதித்து அடைத்தோம். அப்புறம் ஆழமாகப் போகாமல், களிக்கு மேலே சரளைக்குள் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாயைப் பதித்தோம். பழைய நீரில் பாதிதான் திரும்பியது. மீதி எங்கே கசிகிறது என்று சரிவுக்குக் கீழே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.