நட்டத்தில் கிடக்கும் பங்கை விற்க ஏன் மனம் வருவதில்லை?

பங்குச்சந்தையில் பணம் போட்டவர்கள் அடிக்கடி சொல்வது இது: “போட்ட அசல் வந்தால் போதும், வித்துட்டு வெளியே வந்துடுவேன்.” அவர்களுடைய டீமேட் கணக்கை (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) பார்த்தால், சிவப்பில், அதாவது நட்டத்தில், இருக்கும் பங்குகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பச்சைக்கு வந்தவை மட்டும் சின்ன லாபத்திலேயே விற்றுப் போயிருக்கும்.

இந்தப் பழக்கத்தின் வேரை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். அதில் ஒரு கேள்வி: நிச்சயமாக 3,000 வேண்டுமா, அல்லது 4,000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமா? சராசரிக் கணக்கில் இரண்டாவதன் மதிப்பு 3,200. ஆனாலும் 80 சதவீதம் பேர் உறுதியான 3,000-ஐத்தான் கேட்டார்கள். அதே கேள்வியை நட்டமாகத் திருப்பிப் போட்டார்கள்: நிச்சயமாக 3,000 இழப்பதா, அல்லது 4,000 இழக்க 80 சதவீத வாய்ப்புள்ள சூதா? இப்போது 92 சதவீதம் பேர் சூதின் பக்கம் போய்விட்டார்கள். லாபம் என்றால் பத்திரமாக இருக்க விரும்பும் அதே மனம், நட்டம் என்றதும் துணிந்துவிடுகிறது.

நம் மனம் மொத்தச் சொத்தைப் பார்ப்பதில்லை, ஏதோ ஒரு புள்ளியிலிருந்து ஏறியதா இறங்கியதா என்றே பார்க்கிறது. பங்கு விஷயத்தில் அந்தப் புள்ளி பெரும்பாலும் வாங்கின விலை. அதற்குக் கீழே இறங்கும் முதல் ஆயிரம் ரூபாய் நன்றாகவே வலிக்கும். ஏற்கெனவே 40,000 போனபின் இன்னொரு ஆயிரம் போனால் அவ்வளவு உறைக்காது. அதனால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போமே’ என்று காத்திருப்பது சுலபமாகிவிடுகிறது. விற்றால் நட்டம் உறுதியாகிவிடும், எடுத்த முடிவு தப்பு என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். அந்த வருத்தத்தைத் தள்ளிப்போடத்தான் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நிதியியல் ஆய்வாளர்களான ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் இருவரும் 1985-ல் எழுதினார்கள்.

சரி, பொறுமையாக இருந்தால் விலை திரும்பி வராதா? டெரன்ஸ் ஓடியன் என்ற நிதியியல் ஆய்வாளர் இதையும் சோதித்தார். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளில் 1987 முதல் 1993 வரை நடந்த வியாபாரத்தை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களில் 14.8 சதவீதத்தை விற்றவர்கள், நட்டங்களில் 9.8 சதவீதத்தைத்தான் விற்றிருந்தார்கள். விற்றுத் தள்ளிய லாபப் பங்குகள், கையில் வைத்திருந்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதல் வருமானம் தந்திருந்தன.

500 ரூபாய்க்கு வாங்கியது 300-க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அசல் திரும்ப அது கிட்டத்தட்ட 67 சதவீதம் ஏற வேண்டும். நாம் 500-க்கு வாங்கினோம் என்பது அந்த நிறுவனத்துக்கும் தெரியாது, சந்தைக்கும் தெரியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இன்று கையில் 300 ரூபாய் ரொக்கமாக இருந்தால், இதே பங்கை வாங்குவேனா? வாங்குவேன் என்றால் வைத்திருக்கலாம். மாட்டேன் என்றால், அசலுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ‘ஆவரேஜ் பண்ணுகிறேன்’ என்று, சராசரி வாங்கின விலையைக் குறைக்க இறங்கிய விலையில் மேலும் வாங்குவதற்கு முன்பும் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓடியனின் ஆய்வில் டிசம்பர் மாதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அமெரிக்காவில் வரிக்கணக்கு முடியும் அந்த மாதத்தில் மக்கள் நட்டத்தையே அதிகம் விற்றார்கள். ‘தோற்றேன்’ என்பது ‘வரியை மிச்சப்படுத்தினேன்’ என்று மாறியதும் கை இலகுவாகிவிடுகிறது. நமக்கு அந்தத் தேதி மார்ச் 31. குறுகியகால நட்டத்தை எந்த மூலதன லாபத்திலும் (பங்கு போன்ற சொத்தை விற்றுக் கிடைக்கும் லாபம்) கழிக்கலாம், நீண்டகால நட்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும். மீதி இருந்தால் 8 ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.