தொட்டியின் அடியில் கல் போடலாமா?

நம் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “தாழ்வாரத்தில் வைத்த கறிவேப்பிலை மூன்றாவது முறையாகப் பட்டுப்போனது. தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் கூழாங்கல்கூடப் போட்டேன். கண் பட்டிருக்குமோ?”

கண் படவில்லை அக்கா. அந்தக் கல்லைத்தான் சந்தேகப்படுகிறேன்.

முதலில் வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் ஒரு பாகை வடக்கே இருக்கிறோம். அதனால் வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூனையொட்டியும், தெற்குப் பார்த்ததில் டிசம்பரையொட்டியும் நேர்வெயில் விழும். அதற்கேற்பத் தொட்டிகளை நகர்த்துங்கள், நடக்க 1.2 மீட்டர் வழி விட்டு.

சரி, தண்ணீருக்கு வருவோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் ஒழுகும்! அதே ஸ்பாஞ்ச், அதே துளைகள். உயரம் மட்டும்தான் கூடியது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

மண்ணும் அப்படித்தான். புவியீர்ப்பு நீரைக் கீழே இழுக்கிறது. மண்துகள்களின் நுண்ணிய இடுக்குகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இரண்டும் சமமாகும் இடம்வரை, அடியில் ஒரு சேற்றுப் படலம் வடியாமல் நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் இடுக்குகளே, தொட்டியின் ஆழம் அல்ல. ஆகவே குட்டைத் தொட்டியில் பாதி சேறாகலாம். உயரமான தொட்டியில் அது ஓர் ஓரம்தான்.

கல் போட்டால்? நுண்ணிய இடுக்கில் இருக்கும் நீர், மேலே உள்ள மண் நிறைந்து வழியும்வரை கற்களின் பெரிய இடைவெளிக்குள் இறங்காது. சேறு அப்படியே கல்லுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கான இடம்தான் குறைந்தது. நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மூச்சு முட்டிய வேர் அழுகுகிறது. இதைத் திருஷ்டி என்று விட்டுவிட்டால் நான்காவது செடியும் போய்விடும் என்பதுதான் என் கவலை.

தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, ஒரு சத்தே குச்சியை அடிவரை செருகி உருவிப் பாருங்கள். சேறு எங்கே தொடங்குகிறது என்பது குச்சியிலேயே கறுப்பாகத் தெரியும். கல்லை எடுத்துவிட்டு உயரமான தொட்டிக்கு மாற்றுங்கள். மண் முழுவதிலும் பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கரட்டு மணலோ தாராளமாகக் கலவுங்கள். அடித்தட்டில் வடியும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும்.