மணலை லாரியில் ஏற்றாதீர்கள்

புயல் ஓய்ந்த மறுநாள் ஒரு தடுப்புத்தீவுக்குப் போனால், முதலில் கண்ணில் படுவது தெருவை மூடிக் கிடக்கும் மணல்தான். அதை வாரி லாரியில் ஏற்றி அனுப்பினால்தான் ஊர் பழைய நிலைக்கு வரும் என்று எல்லாரும் அவசரப்படுவார்கள். கரையோரப் பொறியாளனாக நான் முதலில் சொல்வது லாரியை நிறுத்தச் சொல்லித்தான். சாலையிலிருந்து ஒதுக்குங்கள், சரி. கண்ணாடியும் ஆணியும் போகச் சலித்து மணல்மேட்டிலேயே திருப்பிக் கொட்டுங்கள். தீவை விட்டு ஒரு கூடைகூடப் போகக் கூடாது.

தடுப்புத்தீவுக்கு அடியில் பாறை தாங்கி நிற்பதில்லை. கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல்திட்டு அது. பின்னால் உப்பங்கழி, அதற்கும் பின்னால் பெருநிலம். பெரும்புயலில் அலை முன்பக்க மணலைத் தூக்கித் தீவைத் தாண்டிக் கழிப்பக்கம் போடுகிறது. முன்னால் கரைந்து பின்னால் வளர்ந்து, தீவு மெல்ல நகர்கிறது. கடல்மட்டம் ஏற ஏற அது பிழைத்திருப்பதே இப்படித்தான். மணல் வரத்து நின்றுபோனால் மட்டும் அதற்குக் கதி இல்லை.

வரத்து எப்படி நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் மேரிலாந்து கரையைப் பார்க்கலாம். 1933 ஆகஸ்ட் புயல் அங்கே ஓஷன் சிட்டிக்குத் தெற்கே தீவை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தது. படகுப் போக்குவரத்துக்கு வசதியாக இருந்ததால், அது மூடிவிடாதபடி இருபுறமும் கல்சுவர் நீட்டினார்கள். வடக்கிலிருந்து கரையோடு வந்துகொண்டிருந்த மணல் சுவரில் முட்டி நின்றது. ஓஷன் சிட்டி பக்கம் கரை அகலமானது. தெற்கே அசட்டீக் தீவின் வடமுனையோ தன் அகலத்தையும் தாண்டி மேற்கே நகர்ந்துவிட்டது. இன்று முகத்துவாரத்தில் சேரும் மணலைத் தோண்டி அசட்டீக்குக்கு எடுத்துப்போய்ப் போடுகிறார்கள். சுவர் இருக்கும்வரை இந்த வேலையும் இருக்கும். தூண்டில் வளைவு, அதாவது இப்படிக் கடலுக்குள் நீட்டும் கல்சுவர், கேட்கும் ஊர்களில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு அடுத்த ஊர் எது?

சுவரே வேண்டாம் என்று சொல்லவில்லை. டெக்சஸின் கால்வெஸ்டனில் 1900 புயலில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கரையை ஒட்டிச் சுமார் 5 மீட்டர் உயரச் சுவர் எழுப்பி, வீடுகளைத் தூக்கி நிறுத்தி அடியில் மணல் நிரப்பினார்கள். 1915இல் வந்த புயலில் அந்தச் சுவர் ஊரைக் காத்தது. ஆனால் சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை தேய்ந்துபோய், பிறகு வெளியிலிருந்து மணல் கொண்டுவர வேண்டியதாயிற்று. சுவர் அதற்குப் பின்னால் இருப்பதைக் காக்கும், முன்னால் இருப்பதைக் காக்காது. இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும், கல் வந்து இறங்கிய பிறகு அல்ல.

தேய்ந்த கடற்கரையில் மணல் நிரப்புவது சுவரைவிட மென்மையான வழி, ஆனால் நிரந்தரம் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். பழைய மணலைவிட நைசான மணலைக் கொட்டினால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், யாருக்கும் பிடிக்காத யோசனை: விலகுவது. வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக் கலங்கரை விளக்கம் 1870இல் எழும்போது கடலிலிருந்து சுமார் 450 மீட்டர் தள்ளி இருந்தது. கடல் நெருங்கிவிட்டதால் 1999இல் அந்தச் செங்கல் கோபுரத்தை முழுசாகத் தண்டவாளத்தில் ஏற்றி 880 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அதே கரையில் ரோடாந்தேயில் 2020க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடலில் சரிந்திருக்கின்றன. பலகையும் ஆணியும் கழிவுநீர்த் தொட்டிச் சிதறல்களும் பல கிலோமீட்டருக்குக் கரையெங்கும் ஒதுங்கின. வீடு விழுமுன் நகர்த்தவோ இடிக்கவோ அங்கே கூட்டரசு வெள்ளக் காப்பீட்டில் பணம் கிடைத்த காலம் உண்டு. அந்த ஏற்பாட்டை 1994இல் எடுத்துவிட்டார்கள். அதனால் விழும்வரை காத்திருப்பதே வீட்டுக்காரருக்கு லாபம் என்று ஆகிவிட்டது. இதைவிடத் தலைகீழான கணக்கை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

தீவில் வீடு இருந்தால் ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் தூணிலிருந்து மணல்மேட்டில் செடி முடியும் விளிம்புவரை மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி, ஒரே இடத்தில் நின்று படமும் எடுத்து வையுங்கள். கழிவுநீர்த் தொட்டி கடல்பக்கம் இருந்தால் அதிலிருந்தும் அளந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் கடல் முதலில் தொடுவது அதைத்தான்.