கேரியர் ஏன் ஊளையிடுகிறது?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "சார், என்னிடம் இருப்பது சாஃப்ட் டாப் (துணிக்கூரை) ஜீப். போன மாதம் மேலே சாமான் ஏற்றக் கேரியர் போட்டேன். அன்றிலிருந்து 60-ஐத் தாண்டினாலே 'ஊ…' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறுகிறது. தனுஷ்கோடிக் கோடியில் உள்ள அரிச்சல்முனையில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகும் அதே சத்தம், கொஞ்சம் தணிந்த குரலில். தனுஷ்கோடியிலிருந்து ஏதோ கூடவே வந்துவிட்டது, எலுமிச்சம்பழம் கட்டு என்கிறார் பெரியம்மா. பட்டறைக்காரர் கம்பி சரியில்லை, மாற்று என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். வேகத்தோடு சுருதி ஏறுகிறது, நின்ற வண்டியிலும் கேட்கிறது என்று அவர் கவனித்த இரண்டு விஷயங்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். துணிக்கூரை எடையைத் தாங்காது. அதனால் கேரியரின் கால்கள் பாடியிலோ, முன் கண்ணாடிச் சட்டத்திலோ, வண்டி கவிழ்ந்தால் ஆட்களைக் காக்க உள்ளே இருக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்ச் சட்டத்திலோதான் ஊன்றி நிற்க வேண்டும். மேலே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். தேரி மணலில் சாய்வாக ஏறும்போது அது ஆபத்து. ஓடும் வண்டியில் துணி மேல்நோக்கி உப்பும். கூரைக்கு மேலே காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது, உள்ளிருக்கும் காற்று துணியை மேலே தள்ளுகிறது. துணிக்கும் கம்பிக்கும் இடைவெளி விடாவிட்டால் உரசி உரசியே கிழிந்துவிடும். இதெல்லாம் பட்டறையில் சொல்லித் தருவார்கள். சத்தத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதைப் புரிந்துகொள்ள, மண்டபத்துக்காரருக்குப் பாம்பன் சாலைப் பாலத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பாலத்தில் நின்று கீழே தூண்களைப் பாருங்கள். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே தண்ணீர் ஓட்டம் வலுவாக இருக்கும் நாட்களில், தூணுக்குப் பின்னால் தண்ணீர் சும்மா போகாது. இடப்பக்கம் ஒரு சுழி கிளம்பி நகரும். அது போனதும் வலப்பக்கம் ஒன்று. மறுபடி இடம், மறுபடி வலம். நான் இதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கேரியர் கம்பிக்குப் பின்னால் நடப்பதும் இதேதான். காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் மாறி மாறி? கம்பியின் முகத்தில் மோதிய காற்று இரண்டாகப் பிரிந்து மேலும் கீழுமாக அதன் வளைவை ஒட்டிப் போகிறது. கம்பியோடு ஒட்டிப் போகிற மெல்லிய படலம் உராய்வில் வேகம் இழந்துவிடுகிறது. கம்பியின் தடித்த பகுதியைத் தாண்டியதும் எதிரே அழுத்தம் ஏறுகிறது. களைத்துப்போன படலத்தால் அந்த ஏற்றத்தில் ஏற முடியாது. கம்பியை விட்டுப் பிரிந்து, சுருண்டு, சுழலாகிறது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். மேலேயும் கீழேயும் இப்படி இரண்டு சுழல்கள் வளரப் பார்க்கின்றன. இரண்டும் சரிசமமாக வளர்ந்தால் அந்தச் சமநிலை நிலைக்காது. ஏதோ ஒரு சிறு தடுமாற்றத்தில் மேல் சுழல் கொஞ்சம் முந்துகிறது. முந்தியது கீழ்ப்பக்கப் படலத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. எதிர்த்திசையில் சுழலும் அந்தக் காற்று குறுக்கே புகுந்து, மேல் சுழலுக்கு வந்துகொண்டிருந்த ஊட்டத்தை வெட்டிவிடுகிறது. தொப்புள்கொடி அறுந்த சுழல் கம்பியை விட்டு மிதந்து போகிறது. இடம் காலியானதும் கீழ்ச்சுழல் வளர்கிறது. அதுவும் மேல்பக்கப் படலத்தை இழுத்து, அதனாலேயே வெட்டுப்படுகிறது. வெளியிலிருந்து யாரும் தாளம் போடவில்லை. ஒரே சீராக வீசுகிற காற்று, தனக்குத் தானே ஒரு தாளத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு சுழல் பிரியும்போதும் கம்பிக்கு மேலும் கீழுமாக ஒரு சிறு தள்ளல். கம்பி திருப்பிக் காற்றைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் காதுக்கு வரும் சத்தம்.

1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரோஹல், கம்பிகளைக் காற்றில் வேகமாகச் சுழற்றி அவை எழுப்பும் சுருதியை அளந்தார். சுருதி இரண்டே இரண்டு விஷயங்களைப் பொறுத்தது என்று கண்டார்: காற்றின் வேகம், கம்பியின் தடிமன். கம்பியை எவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கிறோம் என்பதற்கு அதில் பங்கில்லை. கணக்கும் எளிது: வேகத்தைத் தடிமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதிர்வெண். 72 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 20 மீட்டர். 25 மி.மீ., அதாவது 0.025 மீட்டர் குழாய்க்கு 160 ஹெர்ட்ஸ் வரும். சுருதிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சொன்னால், இரண்டரைக் கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நடுவில். நின்ற வண்டியில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் அதில் பாதி, 80 ஹெர்ட்ஸ். வாசகர் கேட்ட தணிந்த குரல் அதுதான்.

ஆகவே பட்டறைக்காரர் சொல்கிறபடி இரும்பை எடுத்துவிட்டு அதே தடிமனில் அலுமினியம் போட்டாலும் சுருதி மாறாது. மூங்கில் கட்டினாலும் மாறாது. கம்பி அதிரவே வேண்டியதில்லை. சுழல்களின் தாளமும் கம்பியின் சொந்த அதிர்வும் ஒன்றிப்போனால் கம்பியும் நடுங்கத் தொடங்கி, சத்தம் இன்னும் பெரிதாகும். கால் ஊன்றிய இடத்தில் கை வைத்தால் அந்த நடுக்கம் தெரியும்.

சத்தத்தின் வலிமை வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 60-லிருந்து 80-க்குப் போனால் அதன் ஆற்றல் ஐந்தரை மடங்கு ஆகிவிடும். தகரக் கூரை சதுர மீட்டருக்கு ஆறு கிலோ எடை இருக்கும். அந்தக் கனமே சத்தத்தைத் தடுக்கும். துணி அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் அதே கேரியர் தகரக் கூரை வண்டியில் முனகும், சாஃப்ட் டாப்பில் தலைக்கு மேலேயே ஊளையிடும்.

இந்தக் கரையில் பிறந்தவர்கள் இந்தச் சத்தத்தைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். கச்சான் வீசும்போது சவுக்குத் தோப்பு இரைகிறதே, அதுவும் சுழல் உதிரும் சத்தம்தான். ஒரு சவுக்கு ஊசியை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தடிமன் குறைந்தால் சுருதி ஏறும். அதனால் தோப்பு 'உஷ்' என்கிறது, கம்பி 'ஊ' என்கிறது. சாமான் கட்டிய நைலான் கயிறு இரண்டுக்கும் நடுவில் கீச்சிடும்.

தனுஷ்கோடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அங்கே ஓர் ஊரே போனது, ரயிலோடு மனிதர்கள் போனார்கள். அங்கே காற்றில் எந்தச் சத்தம் கேட்டாலும் அவர்களுடைய அழுகை என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறந்தவர்களை நினைக்க விரும்பினால், அந்தப் புயலில் காற்று என்ன செய்தது, கடல் எப்படி ஏறியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். பேய்க் கதை அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. பெரியம்மாவிடம் கோபப்படாமல், பொறுமையாக இதைச் சொல்லுங்கள்.

சரி, வைத்தியம். 4 மி.மீ. நைலான் கயிறு வாங்குங்கள். முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பியில், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி விட்டு, கொடி படர்வதுபோல் சுற்றிக்கொண்டே போய் இரண்டு முனையிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். கயிறு சுழலை ஒழிக்காது, தாளத்தைக் கெடுக்கும். கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்பா பாட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை நகரும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அத்தனை பலமும் வீண். வெறும் கம்பியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுழல்கள் பெரும்பாலும் ஒன்றாகப் பிரிகின்றன. கயிறு சுற்றிய கம்பியில் காற்று இங்கே ஓரிடத்தில் பிரிகிறது, நான்கு விரற்கடை தள்ளி வேறோரிடத்தில் பிரிகிறது. தள்ளல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும். உயரமான எஃகுப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் திருகுபோல் தகடு சுற்றியிருப்பதும் இதற்காகத்தான். சில கார் ஆன்டெனாக்களில் நூல் சுற்றியதுபோல் ஒரு மேடு இருக்குமே, அதுவும் இதேதான்.

என் நண்பரின் வண்டியில் ஏர்வாடி பக்கம் இதைச் செய்து பார்த்தோம். சுற்றி முடிக்க இருபது நிமிடம். கிளம்பி 70-ஐத் தொட்டபோது நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்டது. அப்புறம் குழாயின் திறந்த முனைகளுக்கு ரப்பர் மூடி போட்டோம். அது பாட்டில் வாயில் ஊதுவதுபோல் எழும் சத்தம், வேறு கணக்கு. ஒன்று மட்டும் கவனம்: கயிற்றுக்கு அடியில் உப்பு ஈரம் தங்கும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு ஓடிவிடும்.

சென்னை தரமணியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். கட்டமைப்புப் பொறியியல் மையத்தில், காற்றை ஓடவிட்டுச் சோதித்துப் பார்க்கும் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலை நிறுத்தினார்கள். காற்றை அளந்து வாழ்ந்த கரை இது. இந்தக் கரையில் உள்ள பள்ளிகளுக்கு ஒரு மின்விசிறி, நான்கு கம்பி, கொஞ்சம் புகை வைத்துச் சிறு காற்றுச் சுரங்கம் செய்து கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்? புயல் வந்த பிறகு ஒதுக்கும் பணத்தில் ஒரு துளியைப் புயலுக்கு முன்பே காற்றைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பின்கம்பி ஒன்றை மட்டும் கயிறு சுற்றாமல் விட்டு வையுங்கள். அரிச்சல்முனையில் வண்டியைக் காற்றுக்கு நேராக நிறுத்தி, கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து, அந்தக் கம்பியின் பக்கத்தில் பிடியுங்கள். உங்கள் குழாய் 25 மி.மீ. என்றால் வரும் எண்ணை 8-ஆல் வகுத்தால் போதும், வினாடிக்கு எத்தனை மீட்டர் காற்று என்று வந்துவிடும். ஆடி மாதத்தில் ஒரு நாள் அளந்து, எண்ணை எனக்கு எழுதுங்கள்.