முறுக்கும் எதிர்முறுக்கும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு மரத்தில் பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்று கட்டுகிறாராம். உடல் முடிந்தது, மேல்தளம் முடிந்தது, மூன்று பாய்மரங்களும் நட்டாகிவிட்டது. கயிறு கட்டும் இடத்தில் வந்து மாட்டிக்கொண்டார். “மூன்று தையல் நூலைச் சேர்த்து முறுக்கிக் கயிறு செய்தேன். கையை விட்டதும் பாம்புக்குட்டி மாதிரி சுருண்டுகொள்கிறது. சரி, எதிர்ப்பக்கம் முறுக்கலாம் என்றால் நூலே பிரிந்து பஞ்சாகிப் போகிறது. நிஜக் கப்பலில் இப்படி ஆகாதா?”

ஆகும். ஆகாமல் இருக்கத்தான் கயிறு திரிப்பவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எழுத்து வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

நானும் இதே இடத்தில் மாட்டியவன்தான். என் மேஜையில் இருப்பது ‘ட்ரிங்கோமலி’, திருகோணமலையின் பெயரைச் சுமக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல். நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் பம்பாயில் கப்பல் கட்டிவந்த வாடியா குடும்பத்தாரிடம் கொடுத்துத் தேக்கில் கட்டச் சொன்னார்கள். 1817 அக்டோபரில் தண்ணீரில் இறங்கிய கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. என்னுடையது அதில் 72-இல் ஒரு பங்கு அளவு.

பாய்க்கப்பலின் கயிறுகள் இரண்டு வகை. பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் நிலைக்கயிறுகள் ஒரு வகை. இவற்றுக்குத் தார் பூசிக் கறுப்பாக்கியிருப்பார்கள். பாயையும் பருமலையும் ஏற்றி இறக்கித் திருப்பும் ஓடுகயிறுகள் இன்னொரு வகை. பருமல் என்பது பாய் தொங்கும் குறுக்கு மரம். தூத்துக்குடிக்காரருக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. பாய் ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும் பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்றும் தமிழில் பெயரே இருக்கிறது. மாதிரியிலும் வரிசை அதுதான்: முதலில் நிலைக்கயிறு, அப்புறம் ஓடுகயிறு. மாற்றிச் செய்தால் விரல் நுழைய இடம் இருக்காது.

தொடங்கும்போது எல்லோரும் செய்கிற ஒரு தவறு. பழைய கப்பல் கணக்குகளில் ‘11 அங்குலக் கயிறு’ என்றால் அது சுற்றளவு, விட்டமல்ல. பை (π), அதாவது 3.14-ஆல் வகுத்தால் விட்டம் மூன்றரை அங்குலம். 72-ஆல் குறுக்கினால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான் இது தெரியாமல் விட்டம் என்று எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டரில் கயிறு கட்டி நிறுத்தினேன். போர்க்கப்பல் மாதிரி தெரியவில்லை, சாக்கு மூட்டை கட்டினதுபோல இருந்தது.

இனிக் கயிறு.

கயிற்றில் உண்மையிலேயே ஆச்சரியமான விஷயம், அது அறுந்து விழாமல் இருப்பதுதான். பஞ்சு இழை ஒன்றின் நீளம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். தேங்காய் நார் ஏறக்குறைய ஒரு சாண். பசை கிடையாது, முடிச்சு கிடையாது. இந்தத் துண்டுகளைச் சேர்த்தால் எப்படி நூறு மீட்டருக்குக் கயிறு வருகிறது? இதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தன் நூலில் கேட்டிருக்கிறார். முறுக்குவதால் நார்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கின்றன, இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது என்பது அவர் தந்த விடை.

துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். பெரிய படகு கயிற்றை இழுக்கும். இரும்புக் குற்றியில் மூன்று சுற்றுச் சுற்றி முனையை ஓர் ஆள் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறும் குற்றியும் எவ்வளவு உராய்கின்றன என்று சொல்லும் எண்ணை, அதாவது உராய்வுக் குணகத்தை, 0.3 என்று வையுங்கள். ஒரு சுற்றுக்குப் பிடி ஆறரை மடங்கு. மூன்று சுற்றுக்குக் கூட்டினால் இருபது மடங்குதானே என்று தோன்றும். கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும்: 280 மடங்குக்கு மேல். கயிற்றுக்குள் ஒவ்வொரு நாரும் பக்கத்து நார்களைச் சுற்றியபடி போகிறது. குற்றியைச் சுற்றின கயிறு போலவே நார்களும் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி உராய்கின்றன.

கலிலியோவின் விடை சரிதான், ஆனால் கணக்காக இல்லை. வாரன், பால், கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2018-இல்தான் அதைக் கணக்காகப் போட்டார்கள். உராய்வும் முறுக்கும் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், நார் நழுவிப் பிரிவது என்ற பேச்சே இல்லை. அதற்கு மேல் நூல் அறுவதென்றால் நாரே அறுந்தால்தான் உண்டு. நாம் உடுத்தும் வேட்டி இழை இழையாகக் கழன்று விழாததற்குக் காரணம் கிடைக்க 380 வருடம் ஆகியிருக்கிறது.

முறுக்கினால் பிடிக்கும், சரி. முறுக்கினது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்குமே? வாசகரின் பாம்புக்குட்டி இங்கேதான் இருக்கிறது. அவர் மூன்று நூலையும் ஒரே கட்டாகப் பிடித்து ஒரே பக்கம் முறுக்கியிருக்கிறார். கட்டு முழுவதும் ஒரு திசையில் திருகல் தேங்கி நிற்கிறது. எதிர்த்துப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. கையை விட்டதும் சுருள்கிறது.

செய்ய வேண்டியது இது: மூன்றையும் தனித்தனியாக, ஒரே திசையில், கடுமையாக முறுக்க வேண்டும். பிறகு மூன்றையும் ஒன்று சேர்த்துவிட வேண்டும். அவ்வளவுதான், மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும்.

என் வீட்டுக் கதவு நிலையில் இதற்கு ஒரு சாதனம் தொங்குகிறது. உடைந்த பொம்மையிலிருந்து எடுத்த பல்சக்கரங்கள், அவற்றில் ஊக்கை வளைத்துச் செய்த மூன்று கொக்கிகள், ஒரு கைப்பிடி. மூன்று நூலும் மேலே கொக்கிகளில் மாட்டி, கீழே ஒரே பூட்டில் முடிகின்றன. பழைய பித்தளைப் பூட்டு, கனத்துக்காக. பூட்டுக்கு மேலே மூன்று பள்ளம் கீறிய பாட்டில் தக்கை. பள்ளத்துக்கு ஒரு நூல். பூட்டு திரும்பாமல் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, நான் மேலே கைப்பிடியைச் சுற்றுவேன். நூல்கள் விறைக்கும், குறுகும், பூட்டு மெல்ல மேலே எழும். இன்னும் கொஞ்சம் சுற்றினால் மீட்டிய தந்திபோல அதிரும். அப்போது “விடு” என்பேன்.

பூட்டு பம்பரமாகச் சுற்றத் தொடங்கும், கொக்கிகள் சுற்றின திசைக்கு எதிரான முறுக்கைப் போட்டபடி. தக்கைக்குக் கீழே மூன்று நூலும் ஒன்றையொன்று தழுவிக் கயிறாக இறங்கும். யாரும் தொடாமலே தக்கை மேலே ஏறும்; உருவாகிற கயிறுதான் அதைத் தள்ளுகிறது. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. கீழே பூட்டைப் பிடிக்கும் என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

என்ன நடக்கிறது? ஒவ்வொரு நூலும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது. மூன்றும் சேர்ந்து அவிழப் பார்க்கும்போது, ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றிக்கொள்கின்றன. அப்படிச் சுற்றுவது புதிய முறுக்கு. அதற்கும் திரும்பிவரும் ஆசை உண்டு. கயிறு அவிழ்ந்தால் நூல்கள் மேலும் முறுகும், நூல்கள் அவிழ்ந்தால் கயிறு மேலும் முறுகும். இரண்டு ஆசையும் சமமாகும் இடத்தில் பூட்டு நிற்கும். அறுத்து மேஜையில் போட்டால் செத்த கயிறாக, அசையாமல் கிடக்கும். இரண்டு மீட்டர் நூலுக்கு எனக்கு ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் கயிறு கிடைக்கிறது.

கயிற்றாலைகள் ஏன் அத்தனை நீளம் என்பது இப்போது விளங்கும். இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய கயிற்றாலை 346 மீட்டர். இன்றும் அங்கே கயிறு திரிக்கிறார்கள். கயிற்றை நேராக நீட்டித்தான் திரிக்க முடியும். திரிக்கையில் மூன்றில் ஒரு பங்கு நீளம் போய்விடும்.

கப்பல் கயிற்றில் இந்தச் சண்டை மாடி மாடியாக நடக்கிறது. நாரை வலமாக முறுக்கி நூல், நூல்களை இடமாக முறுக்கிப் புரி, மூன்று புரியை வலமாக முறுக்கிக் கயிறு. அப்படிப்பட்ட மூன்று கயிற்றை மறுபடி இடமாகச் சேர்த்தால் நங்கூர வடம். கயிற்றை நிமிர்த்திப் பிடித்தால் கோடுகள் வலப்பக்கமாக ஏறினால் அது வலமுறுக்கு. இதையும் வலம்புரிச் சங்கையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் வலம்புரி என்று கொண்டாடுவதை உயிரியலாளர்கள் இடச்சுருள் என்பார்கள். எந்த முனையைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம். மிக அரிதாகத் திசை மாறிப் பிறந்த சங்கு, அவ்வளவுதான். அதைப் பூஜை அறையில் வைத்தால் பணம் கொட்டும் என்கிறார்கள். விற்பவருக்குக் கொட்டுகிறது என்பது உண்மை. அமெரிக்கக் கரையில் பிறவியிலேயே இடச்சுருளாக வளரும் வேறொரு இனத்தைக்கூட வலம்புரி என்று நம் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, வாசகரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம்: எதிர்ப்பக்கம் முறுக்கினால் நூல் ஏன் பஞ்சாகிறது? தையல் நூல் பெரும்பாலும் வலமுறுக்கில் வருகிறது; தையல் இயந்திரத்துக்கு அதுதான் தோது. அதை மேலும் வலமாக முறுக்கிச் சேர்த்தால் கிடைப்பது இடமுறுக்குக் கயிறு. கப்பலுக்கு வேண்டியதோ பெரும்பாலும் வலமுறுக்கு. அதற்காக நூலை இடமாகத் திருகினால், ஆலையில் போட்ட முறுக்கைத்தான் நீங்கள் அவிழ்க்கிறீர்கள். இடமுறுக்கு நூல் கிடைக்காமல் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் முறைப்பார். பூதக்கண்ணாடியோடு போய் நாமே பொறுக்க வேண்டும்.

எவ்வளவுதான் முறுக்க முடியும்? அதற்கும் ஒரு உச்சம் உண்டு. டென்மார்க்கின் போர், ஓல்சன் என்ற இருவர் 2011-இல் காட்டினார்கள்: அந்த உச்சத்தை முடிவு செய்வது வடிவியல். நாரா, நைலானா என்பது பொருட்டில்லை. தேங்காய் நார்க் கயிறும் நைலான் கயிறும் ஒரே சாயலில் இருப்பது அதனால்தான். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போனால் நம் ஊர்க் குழுக்களில் சிரிப்பார்கள் என்பது என் எண்ணம். இவ்வளவு நார் விளையும் மண்ணில் கயிற்றின் கணிதம் டென்மார்க்கிலிருந்து வர வேண்டியிருக்கிறது. சிரிக்க வேண்டியது யார் என்று தெரியவில்லை.

மாதிரி கட்டுபவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். மழை நாளில் பருத்திக் கொடிக்கயிறு விறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் நார் பருக்கிறது. பருத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதல் நீளம் தேவை. அதைக் கயிறு தன் நீளத்திலிருந்து எடுத்துக்கொண்டு குறுகுகிறது. ஐப்பசியில் இழுத்துக் கட்டினால் சித்திரையில் தொய்யும். ஏசி அறையிலோ, நன்றாக உலர்ந்த நாளிலோ கட்டுங்கள். இரண்டாவது, சின்னக் கயிறு பெரிய கயிறு மாதிரி தொங்காது. எல்லாவற்றையும் 72-இல் ஒரு பங்காக்கினால் எடை மளமளவென்று குறையும், விறைப்பு அந்த விகிதத்தில் குறையாது. ஒப்பளவில் பார்த்தால் நம் நூல் பல மடங்கு முரண்டு பிடிக்கும். தண்ணீர் கலந்த பசையைத் தடவி, காயும்வரை ஊசியால் கீழே அழுத்தி வைத்தால்தான் சுருட்டி மாட்டிய கயிறு நிஜம்போலத் தெரியும்.

என் கப்பலின் முன்மரத்தில் இன்னும் இடமுறுக்குக் கயிறுதான் இருக்கிறது. வலம் இடம் புரிவதற்கு முன் கட்டியது. இரண்டு பக்கமும் ஏணிப்படி முடிச்சுகள் நூற்றுக்கணக்கில். அறுக்க மனம் வரவில்லை. வந்து பார்த்த படித்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. சென்ற மாதம் தேங்காய் பறிக்க வந்தவர் தண்ணீர் குடித்தபடி குனிந்து பார்த்தார். முன்மரத்துக் கயிற்றைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுக் கேட்டார்: “இது மட்டும் ஏன் சார் எதிர்ப்புரியா இருக்கு?”